யானை எப்படித் தண்ணீர் குடிக்கும்?

‘யானை’ என்று எழுதிய சீட்டு ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கிடைத்தால் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கை மூக்கைப் பிடித்துக்கொள்ளும். மறு கை அந்த வளையத்துக்குள் நுழைந்து தும்பிக்கையாகத் தொங்கும். உடம்பு இப்படியும் அப்படியும் ஆடும். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் உடனே “யானை!” என்று கத்திவிடும். முயல் வந்தால் தலைக்கு மேல் இரண்டு விரல். பாம்பு வந்தால் படமெடுத்த உள்ளங்கை. குரங்கு வந்தால் விலாவைச் சொறிந்தபடி ஒரு துள்ளல். கைதட்டல், சிரிப்பு, அடுத்த சீட்டு.

விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்த வீடுகளிலும், கல்யாண மண்டபத்து மாடியிலும், மின்சாரம் போன இரவுகளிலும் நடக்கிற விளையாட்டு இது. கல்லூரி விழாக்களில் சினிமாப் பெயர்களை வைத்து ஆடும் ‘டம்ப் ஷராட்ஸ்’தான், படப்பெயருக்குப் பதில் விலங்கு, பறவை, பூச்சி. பேசக் கூடாது, உதட்டை அசைக்கக் கூடாது, பக்கத்தில் இருக்கும் பொருளைத் தொட்டுக் காட்டக் கூடாது. முகத்தாலும் உடம்பாலும் மட்டுமே சொல்ல வேண்டும். சினிமாப் பெயரை நடிக்க வேண்டுமென்றால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், படங்களைப் பார்த்திருக்க வேண்டும். விலங்குக்கு அது தேவையில்லை. சீட்டில் எழுத்துக்குப் பதில் படத்தை ஒட்டினால் மூன்று வயதுப் பேத்தியும் பாட்டியும் ஒரே அணியில் ஆடலாம்.

இந்த விளையாட்டின் பூர்வீகம் பிரான்ஸ். 18ஆம் நூற்றாண்டில் அங்கே அது வாயால் போடும் விடுகதையாக இருந்தது. ஒரு சொல்லைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறிப்புக் கொடுப்பார்கள். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் அதை வேடம் கட்டி நடித்துக் காட்டத் தொடங்கினார்கள். 1847இல் வெளிவந்த ஷார்லட் பிரான்டியின் ‘ஜேன் அயர்’ நாவலில் விருந்தினர்கள் கூடி அப்படி ஆடும் காட்சி ஒன்று உண்டு.

நம் வீடுகளில் விலங்கு நடிப்பு பெரும்பாலும் முதல் சுற்றோடு முடிந்துவிடுகிறது. அது பெரிய இழப்பு. ஏனென்றால் அந்த ஐந்து வயதுக் குழந்தை நடித்தது அரிச்சுவடியில் இருக்கும் யானைப் படத்தை. கூட்டம் கண்டுபிடித்ததும் அதே படத்தைத்தான். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் உண்மையான யானையை நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. “சரி கண்ணு, இப்போ அந்த யானைக்குத் தாகம் எடுக்குது. அது தண்ணி குடிக்கட்டும், பார்ப்போம்” என்று அத்தையோ மாமாவோ கேட்கிற இடத்தில்தான் விளையாட்டே தொடங்குகிறது.

குழந்தை கொஞ்சம் யோசிக்கும். பிறகு தும்பிக்கையைக் கீழே இறக்கி, இளநீரில் போட்ட ஸ்ட்ராவால் உறிஞ்சுவது போல இழுத்துக் குடித்துவிடும். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நடிப்பார்கள். ஆனால் தும்பிக்கை யானையின் மூக்கு. யானை அதன் வழியாகக் குடிப்பதில்லை. சில லிட்டர் தண்ணீரைத் தும்பிக்கைக்குள் ஏற்றி, அதை வளைத்து வாய்க்குள் கொண்டுபோய், தலையைச் சற்று நிமிர்த்தி ஊற்றிக்கொள்ளும். குட்டி யானைக்கு இந்த வித்தை பிறந்தவுடன் வருவதில்லை. முதல் சில மாதங்கள் தும்பிக்கை அதன் வசத்துக்கு வராமல் ஆடிக்கொண்டிருக்கும். தாகம் எடுத்தால் குனிந்து நேராக வாயை வைத்துக் குடிக்கும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தாமாகவே பிரிந்துகொள்வார்கள்: ஒன்று தாய், மற்றொன்று தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாத குட்டி. அந்தக் குட்டியை நடிக்க ஆசைப்படாத குழந்தை இல்லை.

இன்னும் ஒரு படி போகலாம். ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் விரல் போன்ற முனை ஒன்றுதான். ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. இரண்டு முனைகளால் ஆப்பிரிக்க யானை கிள்ளி எடுப்பதை, ஆசிய யானை பெரும்பாலும் நுனியைச் சுற்றி அணைத்து எடுக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை ஒரு வேர்க்கடலையைத் தரையில் போட்டு, முதுமலை யானையையும் கென்யா யானையையும் தனித்தனியாக நடித்துக் காட்டிவிடும். பார்க்கிறவர்கள் “யானை” என்று சொன்னால் போதாது, எந்த யானை என்றும் சொல்ல வேண்டும் என்று விதியை மாற்றினால் கூடத்தில் இருக்கும் எல்லாக் கண்களும் அந்தக் கையின் நுனிக்குப் போய்விடும்.

மனதில் பதிந்த படத்தை நம்பி நிஜத்தைத் தவறவிடுவது பெரிய கலைஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. பாய்ந்தோடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் பல தலைமுறைகளாக, முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் நீண்டு அந்தரத்தில் மிதப்பதாக வரைந்தார்கள். 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக் கலைஞர் ஓடுபாதையின் ஓரம் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தினார். குதிரை ஓட ஓட அவை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்தன. நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவது உண்மை என்று தெரிந்தது. ஆனால் அது கால்கள் நீண்டு விரிந்திருக்கும் கணத்தில் நடக்கவில்லை. நான்கும் வயிற்றுக்கு அடியில் கூடி வரும் கணத்தில் நடந்தது. அந்தப் படங்கள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. குதிரைச் சீட்டு எடுத்த பிள்ளைக்கு அவற்றைக் காட்டிவிட்டு ஓடச் சொன்னால், கைகால்களை எங்கே சேர்ப்பது, எங்கே விரிப்பது என்று அது தரையில் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கும். யானைக்கோ எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு கால்களும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்புவதில்லை. ஆகவே துள்ளிக் குதிக்கும் யானையை நடுவர் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மொட்டைமாடிப் புறாவும் எல்லோரையும் ஏமாற்றும். புறா நடக்கும்போது தலையை முன்னும் பின்னுமாக ஆட்டுகிறது என்றே நடிப்பார்கள். உண்மையில் அது தலையைப் பின்னுக்கு இழுப்பதில்லை. தலையை முன்னே நீட்டி அங்கேயே நிறுத்திக்கொள்கிறது; உடம்பு நடந்துவந்து தலையை எட்டிப் பிடிக்கிறது; மறுபடி தலை முன்னே போகிறது. தலை நிற்கிற அந்தச் சிறு பொழுதில் கண்ணுக்கு உலகம் கலங்காமல் தெரிகிறது. 1978இல் பி. ஜே. ஃபிராஸ்ட் என்ற ஆய்வாளர் புறாவை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார். கால்கள் நடந்தன, சுற்றியிருந்த காட்சி நகரவில்லை. புறா தலையாட்டுவதை நிறுத்திவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நடை பெரிய சவால். தலையை நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் நகர்த்துவது சொல்லும் அளவுக்குச் சுலபமில்லை. நாலைந்து முறை முயன்று ஒருவருக்குக் கைகூடிவிட்டால் வீடு முழுக்கப் புறாவாக நடக்கும்.

பூனைக்கு வேறு நுட்பம். முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலை வைத்து நடக்கும். இரை தேடுகிற விலங்குக்குச் சத்தமில்லாமல் நடக்க அது உதவுகிறது. நான்கு காலில் தவழும் பிள்ளை, உள்ளங்கை பட்ட இடத்தில் முழங்காலை வைத்துப் போக வேண்டும். ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாக எடுத்து வைப்பவை. அதனால்தான் ஒட்டகத்தின் முதுகு அப்படி ஆட்டுகிறது. இருவர் சேர்ந்து, ஒருவர் முன்காலாகவும் ஒருவர் பின்காலாகவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒட்டகம் வந்துவிடும். பச்சோந்தி கிளையில் நடக்கும்போது காற்றில் ஆடும் இலையைப் போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்துதான் அடியெடுத்து வைக்கும். அதன் இரண்டு கண்களும் தனித்தனியாகத் திரும்பும் என்பதால், இரண்டு கைவிரல்களைக் கண்களாக்கி வெவ்வேறு திசையில் சுழற்றுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் புத்தகம் மட்டும் போதாது. சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் வெறுமனே பார்ப்பதற்கென்று ஒரு பொழுதை ஒதுக்க வேண்டும். வீட்டை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதில்மேல் காகம் எப்போது நடக்கிறது, எப்போது தத்துகிறது? அணில் கத்தும்போது வால் என்ன செய்கிறது? தெருநாய் படுப்பதற்கு முன் ஏன் ஒரு வட்டம் போடுகிறது, எந்தப் பக்கமாகப் போடுகிறது? டியூப்லைட் அருகே இருக்கும் பல்லி பூச்சியைப் பிடிப்பதற்கு முன் உடம்பின் எந்தப் பகுதியை அசைக்கிறது? வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போகிற குடும்பமும் எல்லாக் கூண்டுகளையும் ஒரே ஓட்டமாகப் பார்த்து முடிக்காமல், ஏதாவது இரண்டு விலங்குகளின் முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டு வரலாம். “ராத்திரி நீதான் இதை நடிக்கப் போறே” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் குழந்தையின் பார்வையே மாறிவிடும். எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்பதைத் தாண்டி, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது, கழுத்தை எப்படித் திருப்புகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கும்.

நடிப்பைத் தொழிலாகக் கற்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். 1956இல் பாரிஸில் ழாக் லெகாக் தொடங்கிய நாடகப் பள்ளியின் பயிற்சிகளில் விலங்குகளை உடம்பால் கற்பதும் ஒன்று. 2005இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தில் அந்தப் பெருங்குரங்கின் அசைவுகளுக்கு உடல் கொடுத்த ஆண்டி செர்கிஸ், முதலில் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு, பிறகு ருவாண்டாவின் காடுகளுக்கே போய்ப் பார்த்து வந்தார். நம் பக்கத்தில் மயிலாட்டம், காளையாட்டம், கரடியாட்டம், புலியாட்டம் என்று கூட்டத்தின் நடுவே விலங்காக ஆடும் கலைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாள் புலிக்களி ஆடுகிறவர்கள் வயிற்றில் புலிமுகத்தை எழுதிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். இவற்றில் ஒன்றையாவது நேரில் பார்த்த குழந்தைக்கு, முழு உடம்பாலும் ஒரு விலங்காக மாற முடியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உற்றுப் பார்ப்பது விளையாட்டின் ஒரு பாதி. மறு பாதி, எதிரே இருப்பவருக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று கவனிப்பது. சின்னக் குழந்தைகளுக்கு இதுதான் கடினம். நான்கு வயதுப் பிள்ளை தவளை என்று சீட்டில் பார்த்ததும் தவளையாகவே மாறிவிடும். சுவரைப் பார்த்துக் குதிக்கும், சோபாவுக்குப் பின்னால் போய்க் குதிக்கும். பார்க்கிறவர்கள் முயலா, கங்காருவா என்று கேட்கக் கேட்க அதே குதிப்பை இன்னும் பலமாகக் குதிக்கும். அதன் மனதில் தவளை தெளிவாக இருக்கிறது. மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது அதற்கு விளங்குவதில்லை.

இந்த இடத்தில் மனிதர்களுக்கு வழிகாட்டக்கூடிய ஒரு விலங்கு இருக்கிறது: ஒராங்குட்டான். பிரிட்டனின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிகா கார்ட்மில், ரிச்சர்ட் பைர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விலங்குக்காட்சி சாலைகளில் வாழும் ஒராங்குட்டான்களின் எதிரே ஒருவர் இரண்டு தின்பண்டங்களுடன் உட்காருவார். ஒன்று வாழைப்பழம் போல அவற்றுக்குப் பிடித்தது. மற்றது செலரி தண்டு போலப் பிடிக்காதது. ஒராங்குட்டான் கையாலும் உடம்பாலும் ஜாடை காட்டிப் பழத்தைக் கேட்கும். சில முறை அவர் முழுப் பழத்தையும் கொடுப்பார். சில முறை பாதி புரிந்ததுபோல் பாதிப் பழம் மட்டும் கொடுப்பார். சில முறை ஒன்றுமே புரியாததுபோல் பிடிக்காததை நீட்டுவார். பாதிப் பழம் கிடைத்தபோது ஒராங்குட்டான்கள் ஏற்கெனவே காட்டிய ஜாடைகளையே திரும்பத் திரும்பக் காட்டின. பிடிக்காதது வந்தபோதோ பலிக்காத ஜாடைகளைக் கைவிட்டுப் புதிய ஜாடைகளுக்கு மாறின. எதிராளி எவ்வளவு புரிந்துகொண்டார் என்பதை எடைபோட்டு அதற்கேற்பத் தங்கள் உத்தியை மாற்றிக்கொண்டன.

குழந்தைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. கதையாகச் சொன்னால் ஐந்து வயதுக்குக்கூட விளங்கும். “கிட்ட வந்துட்டாங்கன்னா அதையே இன்னொரு தடவை செய். தூரமா போனாங்கன்னா வேற மாதிரி செய்.” தவளையைக் கங்காரு என்கிறார்கள் என்றால் குதிப்பது புரிந்துவிட்டது, மற்றது புரியவில்லை. குதிப்பை விட்டுவிடாமல் கூடவே நாக்கை வீசி ஈயைப் பிடிக்கலாம், தொண்டையை உப்பவைக்கலாம். எலி என்கிறார்கள் என்றால் எல்லாமே தவறிப்போயிருக்கிறது. எழுந்து புதிதாகத் தொடங்க வேண்டும். சில வாரம் ஆடிய பிள்ளைகளிடம் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடியும். நடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் வாயைத் திறக்கப் போகிறான் என்று தெரிந்ததும் அந்த அசைவை மட்டும் நிதானமாக மறுபடி செய்வார்கள்.

வயதுக்கேற்ற வேறுபாடு வேறு விதத்திலும் வெளிப்படும். பல் துலக்குவது போல நடி என்று சொன்னால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் தங்கள் விரலையே பிரஷ்ஷாக மாற்றித் தேய்க்கின்றன. வளர வளர, இல்லாத பிரஷ்ஷைக் கையில் பிடித்திருப்பதுபோல் காட்டத் தொடங்குகின்றன. 1993இல் பாயட்ஸிஸ், வாட்சன் இருவரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு இதைக் காட்டியது. ஆகவே மூன்று வயதுக் குழந்தைக்குக் கை கொக்கின் அலகாகும் சீட்டைக் கொடுக்க வேண்டும். ‘தேன்கூட்டைப் பிய்த்துத் தின்னும் கரடி’ போல இல்லாத பொருளைக் கையாளும் சீட்டுகள் பெரிய பிள்ளைகளுக்கு.

மனிதர்கள் குரங்குகளின் ஜாடையை எவ்வளவு புரிந்துகொள்வார்கள் என்பதையும் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் சோதித்தார்கள். சிம்பன்சிகளும் பொனோபோக்களும் அடிக்கடி காட்டும் 10 ஜாடைகளைச் சிறு காணொளிகளாக இணையத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளைக் கொடுத்துக் கேட்டார்கள். 5,500க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் நான்கில் ஒன்றுதான் சரியாக வரும். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். கிர்ஸ்டி கிரகாம், கேத்தரின் ஹோபைட்டர் இருவரும் 2023 ஜனவரியில் வெளியிட்ட முடிவு இது. பேச்சு வருவதற்கு முன்பே நம் மூதாதையருக்கும் இந்தக் குரங்குகளின் மூதாதையருக்கும் பொதுவாக இருந்த ஜாடைகள் நமக்குள் இன்னும் மிச்சமிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று.

விலங்குகள் தமக்குள் நடிக்கும் நடிப்பையும் சீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். வேலியோர ஓணான் உடம்பை ஏற்றி இறக்கித் தண்டால் எடுப்பது இன்னொரு ஆண் ஓணானுக்கு விடும் எச்சரிக்கை, அல்லது பெண்ணுக்கு விடும் அழைப்பு. தரையில் முட்டையிடும் உப்புக்கொத்திப் பறவைகள், நாயோ மனிதரோ கூட்டை நெருங்கினால் சிறகு ஒடிந்ததுபோல் தத்தித் தத்தி விலகிப் போகும். எளிதான இரை என்று பின்தொடர்கிறவரைத் தொலைவுக்கு இழுத்துச் சென்றுவிட்டுப் பறந்துபோகும். தேனீயோ கூட்டின் இருட்டில், செங்குத்தான அடைமேல், வாலை ஆட்டியபடி நேர்க்கோட்டில் ஓடி ஆடுகிறது. அந்தக் கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, பூ இருக்கும் இடம் சூரியன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு விலகியிருக்கிறது. ஆட்டம் நீளும் நேரம் தூரத்தைச் சொல்கிறது. இதைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. மொட்டைமாடியில் மாலை வெயிலில் ஒரு கடலைமிட்டாயை ஒளித்துவைத்துவிட்டு, தேனீயாக ஆடித்தான் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் யாரும் கைபேசியைத் தேட மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலசைவோடு இருக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாடும் அசைவாக இருக்க வேண்டும். திரையின் முன் உட்காரும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது. கரடியாக நான்கு காலில் நடப்பதும், நண்டாகக் கையூன்றிப் பக்கவாட்டில் நகர்வதும், தவளையாகத் தாவுவதும் தோளையும் இடுப்பையும் வயிற்றையும் சேர்த்து வேலை வாங்கும் அசைவுகள். அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டாரை நினைத்து, குதிக்கும் விலங்குகளை மாடிக்கோ தெருவுக்கோ ஒதுக்கிவைக்கலாம். மழமழப்பான டைல்ஸ் தரையில் காலுறையோடு ஆடவிடக் கூடாது.

ரயில் பயணத்தில் எழுந்து ஆட முடியாது. அப்போது கைகள் மட்டும். பரதநாட்டியம் கற்கிறவர்களுக்கு இது கைவந்த கலை. நந்திகேசுவரரின் ‘அபிநய தர்ப்பணம்’ சொல்லும் ஒற்றைக்கை முத்திரைகள் 28. அவற்றில் மயில், மான்தலை, சிங்கமுகம், பாம்புத்தலை, கிளிமூக்கு, வண்டு, சேவல் எல்லாம் உண்டு. இரட்டைக்கை முத்திரைகளில் மீனும் ஆமையும் பன்றியும் கருடனும் வருகின்றன. கட்டைவிரலையும் மோதிரவிரலையும் நுனியில் சேர்த்து மற்ற விரல்களை நிமிர்த்தினால் மயில். ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றைக் கவிழ்த்து இரண்டு கட்டைவிரல்களையும் துடுப்பாக ஆட்டினால் மீன். நடனம் பழகும் அக்கா ஒருத்தி பெட்டியில் இருந்தால் மதுரை வருவதற்குள் எல்லோரும் ஐந்தாறு முத்திரைகளைக் கற்றுவிடுவார்கள்.

கூச்சப்படும் பிள்ளையைத் தனியாக நடுவில் நிறுத்தக் கூடாது. இருவராக, மூவராக அனுப்பலாம்: ஆடும் குட்டியும், கோழியும் பருந்தும், பசுவும் அதன் முதுகில் உட்காரும் கரிச்சானும். பிடிக்காத சீட்டை ஒருமுறை மாற்றிக்கொள்ளும் சலுகை எல்லோருக்கும் இருக்கட்டும். நடிப்பைப் பார்த்துக் கேலி செய்வதைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிட வேண்டும்; குண்டாக இருக்கும் பிள்ளைக்கு வேண்டுமென்றே யானைச் சீட்டைத் திணிப்பதும், கறுப்பாக இருக்கும் பிள்ளையைக் காகமாக்குவதும் விளையாட்டின் பெயரால் நடக்கும் கொடுமைகள். பெரியவர் ஒருவர் அங்கேயே தடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வராது. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்குக் கழுத்தும் முகமும் கைகளும் போதுமான ஆந்தை, ஒட்டகச்சிவிங்கி, பச்சோந்தி போன்றவை பொருந்தும். பார்வையற்ற குழந்தை சேரும் சுற்றில் விதியைத் தலைகீழாக்கி, ஒலியால் மட்டுமே நடிக்கலாம். அங்கே பள்ளிக்கூடத்து ஒலிமரபுப் பாடம் உயிர்பெறும். யானை என்று சொன்னால் பாதி மதிப்பெண், ‘யானை பிளிறும்’ என்று சொன்னால் முழு மதிப்பெண். குதிரை கனைக்கும், மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும், வண்டு முரலும் என்று மனப்பாடம் செய்தவர்கள், அந்த ஒலியை எழுப்பிப் பார்க்கும் வாய்ப்பு தேர்வில் வருவதில்லை.

சீட்டுகளில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். சிங்கம், வரிக்குதிரை, பாண்டா, பென்குயின் என்று எழுதிக்கொண்டே போகிற கை, நம் மண்ணின் உயிர்களை மறந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, செங்குத்துப் பாறையில் நிற்பதை நடிக்க நல்ல சமநிலை வேண்டும். அலுங்கு ஆபத்து வந்தால் தலையை வயிற்றுக்குள் மடித்துச் செதில் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பல்லே இல்லாத அது நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் வழித்துத் தின்னும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயம், தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். இருட்டில் பெரிய கண்களை விழித்து, ஒரு கிளையை விடுவதற்கு முன் அடுத்த கிளையை இறுகப் பற்றி, அவ்வளவு மெதுவாக நகரும் தேவாங்கை நடிக்க, ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நிமிட மணல் கடிகாரம் முழுக்க அவர்கள் மெதுவாக இருந்து காட்டுவார்கள்.

இருப்பதிலேயே கடினமான சீட்டு ஆவுளியாவாக இருக்கலாம். கடற்பசு என்று மற்றவர்கள் சொல்வதைக் கரையோர மக்கள் அழைக்கும் பெயர் அது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022இல் அதற்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடலடிப் புல்லை வேரோடு பிடுங்கி மேய்வதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வருவதும், திமிங்கிலத்தின் வாலைப் போன்ற வாலை மேலும் கீழும் அடித்து நீந்துவதும்தான் அதன் நாள். எட்டு வயதுப் பிள்ளை தரையில் குப்புறப் படுத்து, மூக்கைப் பாயில் தேய்த்துக்கொண்டே மேய்ந்து காட்டும்போது யாரோ “பசு!” என்பார்கள். பாதி வந்துவிட்டது என்று அதற்குத் தெரியும். மேய்வதை விடாது, இன்னொரு முறை மேயும், கால்கள் இரண்டையும் ஒட்டி வாலாக்கி மேலும் கீழும் அடிக்கும், கன்னத்தை உப்பிக்கொண்டு தலையை மேலே தூக்கிப் பெரிதாக ஒரு மூச்சை வாங்கிவிட்டு மறுபடி புல்லுக்குக் குனியும்.